ஓட்டத்துக்கு முந்திய மூன்று வாரங்கள்

தை, மாசி மாதங்களில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். மூன்று மாதமாக வரம்பு கட்டி, நண்டுத் துளை அடைத்து, இரவும் பகலும் நீரைக் காவல்செய்த அதே உழவன், வெள்ளாமை வெட்டுக்கு இரு வாரம் இருக்கையில் தன் கையாலேயே வரம்பை வெட்டி நீரை வடிய விடுகின்றான். பயிர்த்தொழில் அறியாதவன் ஒருவன் இதனைக் கண்டால், "இத்தனை நாள் வளர்த்த பயிரை இறுதியிற் கைவிடுகின்றானே!" என இரங்குவான். உழவனோ அறிவான்: பயிர் உண்ணவேண்டியதை உண்டுவிட்டது. இனி மணி முற்றவும் நிலம் இறுகவும் நாள் வேண்டும், நீர் வேண்டியதில்லை.

நெடுந்தூரம் ஓடுபவனுக்கும் இத்தகைய ஒரு பருவம் உண்டு. போட்டிக்கு முந்திய இறுதி வாரங்களிற் பயிற்சியின் அளவைப் படிப்படியாகக் குறைத்தலை ஆங்கிலத்தார் 'டேப்பர்' என்பர். யாம் இங்கு அதனைத் 'தணிவு' என வழங்குவோம். மாணாக்கர் பலர் பயிற்சி செய்ய அறிவர், தணிய அறியார். இக்கட்டுரை எழுந்த காரணமும் அதுவே.

முதற்கண் எனது பேதைமையைச் சொல்லிவிடுதல் நன்று. மாணவனாயிருந்த காலத்தில், இல்ல விளையாட்டுப் போட்டியின் முன்னோடியாக நடைபெற்ற மரதன் ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிப் பக்கமாகச் சென்று திரும்பும் ஓட்டம் அது. ஒரு மாதம் ஒழுங்காகவே பயின்றேன். போட்டி சனிக்கிழமை. வியாழன் மாலை, 'முழுத் தூரத்தையும் என்னால் ஓட முடியுமா?' என்னும் ஐயம் பிறந்தது. ஓடிப் பார்த்தேன், முடிந்தது. வெள்ளி மாலை, 'இன்னும் விரைவாக முடியுமா?' என்னும் ஆசை பிறந்தது, அதுவும் முடிந்தது. சனிக்கிழமை காலை பாலத்தின் ஏற்றத்தில் என் கால்கள் இரண்டும் நனைந்த சாக்குப் போலாயின. ஒவ்வொரு மாலையும் எனக்குப் பின்னால் ஓடிவந்த நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக என்னைக் கடந்து போயினர். என் போட்டியை நான் வெள்ளிக்கிழமையே, பார்ப்பார் ஒருவருமின்றி, ஓடி முடித்துவிட்டேன் என்பது பின்னரே விளங்கிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி விளையாட்டு வரலாற்றிற் புகழ்பெற்றது. செக்கோசிலவாக்கிய நாட்டு வீரர் எமில் சாத்தோபெக் கடும் பயிற்சிக்குப் பேர்போனவர். 1950ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரில் ஐரோப்பியப் போட்டிகள் நடைபெறவிருந்த வேளையில், நஞ்சான உணவினால் நோயுற்று வைத்தியசாலையிற் கிடந்தார். பயிற்சி அடியோடு நின்றது. போட்டிக்குச் சில நாட்களின் முன்னரே எழுந்து வந்தவர், 10,000 மீற்றர் ஓட்டத்தில் இரண்டாமவரை 69 விநாடிகளாலும், 5,000 மீற்றர் ஓட்டத்தில் 23 விநாடிகளாலும் வென்றார். நோய் நன்மை செய்தது என்று யாரும் மயங்கவேண்டா. பல மாதம் உழைத்த உடலுக்கு அவர் தாமாக ஒருபோதும் கொடுத்திராத ஓய்வை நோய் வலிந்து கொடுத்தது, அவ்வளவே. இரு ஆண்டின் பின் 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 இரண்டையும் வென்று, வாழ்நாளில் முதன்முறையாக ஓடிய மரதனையும் 2 மணி 23 நிமிடத்தில் வென்றவர் இவரே.

ஓய்வு என்ன செய்கின்றது? பயிற்சி உடலை வளர்ப்பதில்லை, முதலிற் குலைக்கின்றது. தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அங்குள்ள மாச்சத்துச் சேமிப்பாகிய கிளைக்கோசன் செலவாகின்றது. உடல் இவற்றைச் சீர்செய்யும்போது முன்னிலும் சற்று உறுதியாகச் செய்கின்றது. அந்தச் 'சற்று' என்பதே பயிற்சியின் பயன். நாள்தோறும் கடுமையாக ஓடுபவனிடத்தில் சீர்செய்யும் வேலை எப்பொழுதும் பாதியில் நிற்கும். தணிவுக் காலத்தில் அவ்வேலை முற்றுப்பெறுகின்றது.

ஆயின் ஓய்வென்றால் பாயில் படுத்துக்கிடப்பதன்று. இதனை விளக்கும் அழகிய சோதனையொன்று 1992இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளரால் வெளியிடப்பட்டது. நன்கு பயின்ற ஓட்டவீரர் ஒரு வாரத் தணிவை மூன்று வகையாகச் செய்தனர்: தூரத்தைப் பெரிதும் குறைத்து விரைவைக் காத்தல், மெதுவாகச் சிறிது ஓடுதல், முற்றாக ஓடாதிருத்தல். பின்னர் ஒரு குறித்த விரைவிற் களைத்து நிற்கும்வரை ஓடச்செய்தபோது, முதல்வகையில் அந்நேரம் நூற்றுக்கு 22 கூடிற்று. இரண்டாம் வகையில் 6 கூடிற்று. முற்றாக ஓய்ந்திருந்தபோது 3 குறைந்தது. குறைக்கவேண்டியது தூரமே, விரைவன்று என்பது இதனாற் பெறப்படும். ஓடுவதை அடியோடு நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கத் தொடங்கும். உடல் பிராணவாயுவை உட்கொள்ளும் ஆற்றலும் இரண்டு மூன்று வாரத்துள் தளரும்.

எவ்வளவு குறைப்பது? பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கணிப்பு, ஏறக்குறைய இரு வாரத்தில் மொத்தத் தூரத்தை நூற்றுக்கு 41 முதல் 60 வரை குறைத்தல் சிறந்தது என்கின்றது. பயன் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். இது அற்பமென்று எண்ணுவோர், நான்கு மணி நேரம் ஓடுபவனுக்கு நூற்றுக்கு மூன்று என்பது ஏழு நிமிடம் எனக் கணக்கிட்டுப் பார்க்க. மரதன் போன்ற நெடிய தூரத்துக்கு மூன்று வாரம் தகும். 2021இல் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட சாதாரண ஓட்டக்காரரின் பதிவுகளை ஆராய்ந்தோர், மூன்று வாரமும் ஒழுங்காகக் குறைத்துவந்தவர்கள், தணிவைப் பேருக்குச் செய்தவர்களைவிட ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக முந்தினர் எனக் கண்டனர். ஒரு வாரம் குறைத்து, மறுவாரம் மனம் பொறாது கூட்டி ஓடியோர்க்கு அப்பயன் அத்துணை கிட்டவில்லை.

மரதனின் 42.195 கிலோமீற்றர் எம்மவர்க்கு எளிதில் விளங்கவேண்டுமாயின், மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை கடந்து விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு வரையுள்ள வழியை நினைத்துக்கொள்க, ஏறக்குறைய அவ்வளவு. வாரம் 60 கிலோமீற்றர் ஓடிப் பழகிய ஒருவன் இத்தூரத்துக்கு ஆயத்தமாகின்றான் எனக் கொள்வோம். மூன்று வாரத்துக்கு முன் தனது கடைசி நெடிய ஓட்டத்தை, 30 கிலோமீற்றர் அளவில், முடித்துவிட வேண்டும். அதன்பின் வாரத்தூரம் 45, பிறகு 35. இறுதி வாரத்தில் போட்டி நீங்கலாக 15 அல்லது 20. ஓடும் நாட்களின் தொகையைப் பெரிதும் குறைக்கவேண்டா. ஒவ்வொரு வாரமும் ஒருமுறை, போட்டியில் ஓடக் கருதிய விரைவிற் சில கிலோமீற்றர் ஓடுக.

இவையெல்லாம் எழுதுதற்கு எளியன. கடினம் மனத்திலேதான் உள்ளது. பயிற்சி குறைந்த நான்காம் நாளிலே முழங்காலில் இல்லாத நோவு தோன்றும், கால் கனக்கும், 'மெலிந்துவிட்டேனோ, மறந்துவிட்டேனோ' என்று நெஞ்சு பதைக்கும். கிளைக்கோசன் தன்னுடன் மும்மடங்கு நீரையும் சேர்த்துச் சேமிப்பதால் உடல் எடை ஒன்றரைக் கிலோ வரை ஏறவுங் கூடும்; கண்டவர் 'கொழுத்துவிட்டாய்' எனக் கேலி செய்வர். இவை தணிவு பயன்படுகின்றது என்பதற்கு அறிகுறிகளேயன்றிக் கேட்டின் அறிகுறிகளல்ல. எனது வியாழக்கிழமை ஐயம் இதே பதைப்பின் குழந்தைதான். பரீட்சைக்கு முந்திய இரவு விடியும்வரை விழித்துப் படித்த பழைய மாணவர் எவர்க்கும் இதனை மேலும் விளக்கவேண்டியதில்லை.

உணவைப் பற்றிச் சிறிது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். எனவே 60 கிலோ எடையுள்ளவனுக்கு மரதன் 2,500 கலோரி வேண்டும். உடலின் மாச்சத்துச் சேமிப்போ ஏறக்குறைய 2,000. முப்பதாவது கிலோமீற்றரின் பின் பலர் சுவரில் மோதியவர் போல் நிற்பதன் காரணங்களுள் இது தலையாயது. ஆதலாற் கடைசி இரண்டு நாளும் கிலோ எடைக்கு 10 முதல் 12 கிராம் மாச்சத்து உண்க என்பர். அறுபது கிலோ மனிதனுக்கு அது முக்கால் கிலோ அரிசிக்கு ஒப்பாகும்! அவ்வளவு சோற்றை எவரும் உண்ணார். வாழைப்பழம், பாண், இடியப்பம், சர்க்கரை எனப் பகிர்ந்து கொள்ளலாம். புட்டில் தேங்காய்ப்பூவைக் குறைக்க. வாவி நண்டுக் கறி ஓட்டம் முடிந்தபின் ஆகட்டும்.

எம் நாட்டு வெப்பத்தையும் மறத்தல் ஆகாது. வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். பழகியது விட்டால் நாளுக்கு நாள் தேயும். மலைநாட்டிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ இங்கு வந்து ஓடுவோர் தணிவுக் காலத்தையே இதற்கும் பயன்படுத்துதல் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது பன்மடங்கு உண்மை.

இறுதியாக, ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். 2024 மார்ச்சு மாதத்தில் எமது கிழக்கு மாகாணத்துப் பாடசாலையொன்றில் மரதன் ஓடிய பதினாறு வயது மாணவனொருவன் உயிர்நீத்த செய்தியை நாம் மறந்திரோம். அதன் காரணத்தை ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும் ஒன்றைச் சொல்லலாம். தணிவு என்பது உழைத்தவனுக்குரியது; உழையாதவன் எதிலிருந்து தணிவான்? நம் பாடசாலைகளிற் பல பிள்ளைகள் அறிவித்தல் கேட்ட வாரத்திலேயே பெயர் கொடுத்து, மறுவாரம் தார் வீதியில் ஓடுகின்றனர். ஓட்ட நாளை எட்டு வாரத்துக்கு முன் அறிவித்தல் வேண்டும். பெயர் கொடுத்தவரை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். காய்ச்சலுற்றவனை, அவன் எத்துணை மன்றாடினும், நிறுத்துதல் வேண்டும். சூரியன் ஏறுமுன் ஓட்டத்தை முடித்து, வழியெங்கும் நீர் வைத்தல் வேண்டும். ஐந்தாறு கிலோமீற்றர் ஓடும் பிள்ளைக்கு மூன்று வாரத் தணிவு வேண்டியதில்லை. ஐந்தாறு நாள் போதும். அவற்றுள் கடைசி இரண்டு மாலையும் 'ஒருமுறை ஓடிப் பார்க்கிறேன், சேர்' என்று வந்து நிற்கும் பையன் ஒருவன் நிச்சயமாக இருப்பான். அவனுக்கு மைதானத்து வாயிலைத் திறந்துவிடாதீர்கள்.