கம்பியில்லாப் பூட்டும் திறவுகோலும்

கண்ணாடியிழைக் கம்பி இன்று சிற்றூர்த் தெருக்களிலும் நுழைந்துவிட்டது. ஆயினும் அது வீட்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கைப்பேசிக்குச் செய்தியைச் சுமந்து செல்வன, ரூட்டர் என்னும் சிறு பெட்டி எழுப்பும் வானொலி அலைகளே. அலைகள் நம் சுவரையும் வேலியையும் தாண்டிப் போகும். ஆகவே அவற்றுக்கு ஒரு பூட்டு வேண்டியதாயிற்று. அந்தப் பூட்டுதான் வீடுகளில் பெருந்தொல்லை தருகிறது. எங்கள் தெருவில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். படிப்பது இயற்பியல் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? "தம்பி, நெட்டு வரல, கொஞ்சம் வந்து பாரு" என்று எந்நேரமும் அழைப்பு வரும். அவ்வாறு சென்ற வீடுகளில் கண்டதையும், பின்னர் படித்து அறிந்ததையும் இங்கே கூற விழைகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ரூட்டரோடு தொடர்புடைய கடவுச்சொல் ஒன்றன்று, மூன்று உண்டு. வைஃபையில் சேரும்போது கைப்பேசி கேட்பது ஒன்று. 192.168.1.1 போன்ற முகவரியைத் தட்டினால் ரூட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும்; அது கேட்பது வேறொன்று. இணைப்பு தரும் நிறுவனத்திடம் ரூட்டர் தன்னை அறிவித்துக்கொள்ளும் பெயரும் சொல்லும் மூன்றாவது. பல இணைப்புகளில் இது பெட்டிக்குள்ளேயே பதிந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. முதலிரண்டும் பெரும்பாலும் பெட்டியின் அடியிலுள்ள சீட்டில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் இட்டுவிட்டுப் பெட்டியைப் பழிப்பவர்களே அதிகம். கைப்பேசி வைஃபையில் சேர்ந்தபின் "இணையம் இல்லை" என்று காட்டினால் நாம் இட்ட சொல் சரியானதே. குறை அதற்கு அப்பால் உள்ளது.

நாம் தட்டும் சொல் என்னவாகிறது? அது காற்றில் போவதே இல்லை! 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2 முறையில், கைப்பேசி அச்சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 சுற்றுகள் கணக்கிட்டு, 256 பிட் நீளமுள்ள ஒரு திறவுகோலை உருவாக்குகிறது. அதே திறவுகோல் ரூட்டரிடமும் இருக்கிறது. இரண்டும் ஆளுக்கொரு தற்செயல் எண்ணைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்த எண்களோடு திறவுகோலைக் கலந்து கைப்பேசி ஒரு முத்திரை செய்து அனுப்புகிறது. ரூட்டர் தானும் கணக்கிட்டுப் பார்க்கும். பொருந்தினால் கதவு திறக்கும். பொருந்தாவிட்டால் தவறு என்றுகூடச் சொல்லாது. வந்த மடலைப் பேசாமல் ஒதுக்கிவிடும். விடை வராமற் காத்திருந்து அலுத்த கைப்பேசி, கடவுச்சொல் தவறாக இருக்கலாம் என்று தானே ஊகித்துக்கொள்கிறது.

ஆகவே நாம் திரையில் காண்பது தீர்ப்பன்று, ஊகம். அலை மெலிந்து மடல் வழியில் தொலைந்தாலும் இதே ஊகம் எழக்கூடும். எனவே நான் முதலில் செய்வது, கைப்பேசியோடு ரூட்டரின் அருகில் போய் நிற்பதுதான். மேலும், ஓர் எழுத்து பிழைத்தாலும் திறவுகோல் முழுவதும் மாறிவிடும். எந்த எழுத்து பிழை என்று ரூட்டரால் சொல்ல இயலாது.

எழுத்துப் பிழை எப்படியெல்லாம் வருகிறது! சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. சிறிய 'எல்', பெரிய 'ஐ', எண் 1 ஆகிய மூன்றும் அச்சில் உடன்பிறந்தவை போலிருக்கும். பூஜ்யமும் 'ஓ'வும் அவ்வாறே. வெற்றிடமும் ஓர் எழுத்தாகவே எண்ணப்படும் என்பதைப் பலர் அறியார்.

சித்தப்பா வீட்டில் நடந்தது இதுவே. பொறியியல் கலந்தாய்வுக்குத் தங்கை தன் கல்லூரி விருப்பங்களைப் பதிவு செய்ய வேண்டிய கடைசி மாலை. கைப்பேசியோ கடவுச்சொல் தவறு என்றே சாதித்தது. நான் போனபோது, பெட்டியின் பின்னுள்ள சிறு துளையில் அழுத்தச் சித்தப்பா குண்டூசியோடு நின்றார். "அதைத் தொடாதீங்க சித்தப்பா" என்றேன். அத்துளையைப் பத்து வினாடி அளவு அழுத்தினால் ரூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். முதலிரு சொற்கள் சீட்டில் உள்ளபடி திரும்பும். மூன்றாவது அழிந்துபோனால், நிறுவனத்து ஆள் வந்து பதியும்வரை இணைப்பே இராது. தங்கையின் கைப்பேசியில் கண் போன்ற குறியைத் தொட்டுச் சொல்லைப் பார்த்தேன். எழுத்துகள் யாவும் சரி. ஆனால் கர்சர் கடைசி எழுத்தை ஒட்டாமல் ஓரிடம் தள்ளி மின்னியது. இணைப்புத் தந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அவள் நகலெடுத்து ஒட்டியிருந்தாள். வால்போல் ஒரு வெற்றிடமும் உடன் வந்திருந்தது. அதை அழித்ததும் இணைந்தது. பட்டியல் இரவு ஒன்பது மணிக்குப் பதிவாயிற்று.

வேறு சில காரணங்களும் உண்டு. கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் கைப்பேசி பழையதையே நினைவில் வைத்து முட்டிக்கொண்டிருக்கும். அமைப்பில் அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று தந்து, புதிதாகச் சேர வேண்டும். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 முறையைப் பழைய கருவிகள் பல அறியா. ரூட்டரில் 2, 3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தால் தீரும். பழைய கருவிக்காக 1997-இல் தோன்றிய வெப் முறைக்கு இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். அதன் பலவீனம் 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது.

சொல்லைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கைப்பேசி எண்ணையே வைப்பது நம் ஊர் வழக்கம். டபிள்யூ.பி.ஏ. 2-இல் அந்த முத்திரைப் பரிமாற்றத்தை ஒருவன் பிடித்து வைத்துக்கொண்டால், ரூட்டரை அணுகாமலே கணினியில் எண்ணெண்ணாக ஊகித்துப் பார்க்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்தெழுதுவது எனக்குப் பிடித்த வழி. அது நினைவிலும் நிற்கும். பெரிய எழுத்துத் தொல்லையும் இல்லை.

என் தாயாருக்கு ஆங்கில எழுத்துகள் தெரியா. 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்துள்ள கைப்பேசி வைஃபை விவரத்தைக் க்யூ.ஆர். கட்டமாகக் காட்டும் வசதி உண்டு. என் கைப்பேசியில் அக்கட்டத்தைக் காட்டினேன், அம்மா தன் கைப்பேசியின் கேமராவை நீட்டினார், இணைந்துவிட்டது. ஆனால் அக்கட்டத்தினுள் கடவுச்சொல் மறைக்கப்படாமலே இருக்கும். அதை அச்சிட்டு ஒட்டுவதானால் சமையலறைச் சுவரில் ஒட்டுக. தெருத் திண்ணையில் வேண்டாம்.