முட்டி வலிக்கு ஓய்வு மட்டும் மருந்தல்ல

தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளையும் கீழே நின்றே கும்பிட்டுத் திரும்பும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். "வயசாச்சு, இனி ஆபரேஷன்தான்" என்பார்கள். கிள்ளானில் என் பாட்டி சொல்வதும் இதேதான்.

பொறியியல் மாணவன் நான். எனக்கு இது சுமைக் கணக்கு. நடக்கும்போது உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு சுமை முட்டியில் இறங்குகிறது. படியில் இன்னும் கூடும். 1 கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் சுமார் 4 கிலோ சுமை குறையும் என்கிறது 2005-இல் வந்த ஓர் ஆய்வு.

முட்டிக்குத் துணை நிற்பது முன்தொடைத் தசை. வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் அது மெலியும், வலி கூடும். அதனால்தான் தேய்மான வலிக்கு உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் முதலில், ஆபரேஷன் கடைசியில்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். 5 விநாடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்கு 10 முறை. லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். முட்டி வீங்கிச் சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ உடனே டாக்டரிடம் போங்க.

"செய்யுங்க" என்று சொன்னால் மட்டும் பெரியவங்க செய்ய மாட்டாங்க. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நாமும் செய்வோம்.