கதவோரத்துப் பெட்டிகள்

அன்புள்ள வாசகருக்கு,

திருப்பூரில் பனியன் தைத்து, துபாயில் உங்கள் தம்பி நடத்தும் கடைக்குத் தூத்துக்குடி வழியாக அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ‘எவ்வளவு விற்கும் என்று தெரியவில்லை. ஆனாலும் கன்டெய்னருக்கு முழு வாடகை கொடுக்கிறோமே, நிரப்பித்தானே அனுப்ப வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வாடகை, இடம் காலியாகப் போனாலும் போகிற பணம். அதனால் கடைசியாக ஏற்றும் அட்டைப்பெட்டிகளின் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். துணி, தையல், சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு பனியனின் அடக்கம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்றால் 350, தேங்கினால் 140க்குத் தள்ள வேண்டும். விற்றால் லாபம் 150, தேங்கினால் நஷ்டம் 60. அப்படியானால், அந்தப் பனியன் விற்க ஏழில் இரண்டு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால் ஏற்றுங்கள். அதற்குக் குறைந்தால், இடம் இருந்தாலும் வேண்டாம். அன்றன்றைய நாளிதழை எத்தனை வாங்கி வைப்பது என்று கடைக்காரர் போடும் கணக்கும் இதுதான்.

அடுத்தது இடம். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 590 செ.மீ. நீளம், 235 அகலம், 239 உயரம். 60×40×40 அளவுள்ள பெட்டிகளை ஒரே திசையில் அடுக்கினால் 9, 5, 5 என்று 225தான் பிடிக்கும். அதையே 58×38×38 ஆக்கினால் 10, 6, 6 என்று 360! பெட்டிக்குள் கொள்ளும் துணி எட்டில் ஒரு பங்கு குறைந்தாலும், மொத்தச் சரக்கு சுமார் 40 சதவீதம் கூடுகிறது. பெட்டி கொஞ்சம் உப்பினாலும் தாங்க இடைவெளியும் மிஞ்சும். அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் கொடுக்குமுன் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்.

மூன்றாவதாக, நிறம். மொத்தம் எத்தனை பனியன் விற்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். நீலம் எத்தனை, மஞ்சள் எத்தனை என்பதில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறோம். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டர்களைச் சாயமேற்றாமல் பின்னி வைத்து, எந்த நிறம் ஓடுகிறது என்று பார்த்தபின் சாயமேற்றியது. சாயப்பட்டறை பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கு இது கைக்கெட்டும் வழி. வெள்ளை, கறுப்பு போன்ற நிச்சயமானவற்றை முதல் கப்பலில் அனுப்புங்கள். மற்றவற்றை வெள்ளைத் துணியாகவே வைத்திருங்கள்.

ஏற்றும்போதும் அதே ஒழுங்கு. நிச்சயமாக விற்பவை உள்ளே முதலில் போகட்டும். சந்தேகமானவை கதவோரம் கடைசியாக. பேக்கிங் லிஸ்ட் எழுதும் நாள் காலையில் தம்பியிடம் விற்பனை நிலவரத்தைக் கேட்டு, கதவோரத்துப் பெட்டிகளை முடிவு செய்யுங்கள். குறைத்து ஏற்றினால் ஒரு முனையை வெறுமையாக விடாமல், தளம் முழுக்க அடுக்கு உயரத்தைச் சமமாகக் குறையுங்கள். மிஞ்சும் இடைவெளியில் காற்றுப் பைகளை வைத்து இறுக்குங்கள். கடலில் ஆடும்போது சரக்கு சரியக் கூடாது. பாதி கூடத் தேறவில்லையென்றால், பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். கட்டணத்தையும் விசாரித்து ஒப்பிடுங்கள்.

காலி இடத்தால் வரும் நஷ்டம் அந்த ஒரு பயணத்தோடு முடிந்துவிடும். விற்காத பனியன் துபாயில் கிடங்கு வாடகை தின்னும். அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்க வேண்டிய பணத்தையும் முடக்கும். கதவைச் சாத்தி சீல் வைக்கும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்