தட்டை ஓடும் கூம்பு ஓடும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் போளூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் நத்தைகள் ஊரத் தொடங்கும். அவற்றைப் பற்றி ஊரில் உலவும் சில பேச்சுகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: கோடையில் செடியடியில் கிடப்பது செத்த நத்தையின் வெற்று ஓடு.

உண்மை: குச்சியால் புரட்டி ஓட்டின் வாயைப் பாருங்கள். மெல்லிய காகிதம் ஒட்டியதுபோல் ஒரு படலம் மூடியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் சாதாரணமாகக் காணும் கிரிப்டோசோனா பேரினத்து நத்தை இப்படித்தான் கோடையைக் கடக்கிறது. தன் சளியையே காயவைத்து வாயை அடைத்துக்கொண்டு, உண்ணாமல், நகராமல், உடலின் ஈரத்தைக் காத்துக் கிடக்கும். இதற்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். உடலின் வலப்பக்கச் சிறு துளை வழியே காற்று போய்வரும். நல்ல மழை விழுந்ததும் படலத்தை விட்டு எழுந்துவிடும். இத்தனை பொறுமையுள்ள உயிர் நம் வாசலிலேயே வாழ்வது நமக்குப் பெருமை.

நம்பிக்கை: நத்தை ஓடு மாற்றும்.

உண்மை: சங்குக்குள் குடியேறும் நண்டின் வழக்கம் அது. நத்தையின் ஓடு உடலோடு ஒட்டி வளர்வது.

நம்பிக்கை: தோட்டத்து நத்தை எல்லாம் ஆப்பிரிக்க நத்தை.

உண்மை: கிரிப்டோசோனாவின் ஓடு தட்டையாகச் சுருண்டிருக்கும். ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் ஓடு கூம்பாக நீண்டு, பழுப்புக் கோடுகளுடன் 20 செ.மீ. வரைகூட வளரும். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அதை 1847இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரிஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அந்நகரின் சௌரிங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் அது விடப்பட்டது. ஒரே உடலில் ஆண், பெண் இரண்டு உறுப்பும் உண்டு. ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அது செய்யும் அழிவுக்கு உள்ளூர் நத்தையைத் தண்டிப்பது நியாயமில்லை.

நம்பிக்கை: எந்த நத்தைக் கறியும் மூலத்துக்கு மருந்து.

உண்மை: அப்படி மருத்துவம் நிறுவவில்லை. மக்கள் வழக்கமாகச் சமைப்பது வயல் நத்தை. அதன் ஓட்டுக்குக் கெட்டியான மூடி உண்டு, தோட்டத்து நத்தைக்குக் கிடையாது. நத்தைகளின் உடலில் எலி நுரையீரல் புழுவின் இளம்புழு இருக்கக்கூடும். வேகாமல் தின்றால் மூளையுறை அழற்சி வரலாம். நத்தை ஊர்ந்த கீரையையும் நன்றாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள்.

நம்பிக்கை: உப்பைத் தூவினால் தொல்லை தீரும்.

உண்மை: நத்தை சாகும், மண்ணும் கெடும். மாலையில் ஈரச் சாக்கும் பப்பாளி இலையும் போட்டுவைத்தால் இரவில் அங்கே வந்து கூடும். காலையில் கையுறையுடன் பொறுக்குங்கள். கூம்பு ஓடு கண்டால் வேளாண் அலுவலகத்தில் சொல்லுங்கள். தட்டை ஓடு என்றால் கொல்லாமல் வேலியோரம் விட்டுவிடுங்கள்.