அலோய் வீலுக்குப் பொலிஷ் போட முன்

பாவித்த வாகனம் வாங்க வருபவர் மங்கிய சில்லுகளைக் கண்டாலே விலையைக் குறைத்துக் கேட்பார். அதற்காக அவசரப்பட்டுக் கைவைத்தாலும் நட்டம்தான். பல வருடங்களுக்கு முன் கோஸ்டிக் சோடா கரைசலால் கழுவி, நான்கு சில்லுகளையும் கறுக்க வைத்தவன் நான். காரம் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதை அன்றுதான் படித்தேன்.

சூடு ஆறிய சில்லை நிழலில் வைத்து, சவர்க்கார நீரால் கழுவுங்கள். பின்னர் மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியால் சிறிது மெட்டல் பொலிஷ் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே நிறமற்ற பூச்சு உண்டு. அதற்கு மெழுகே போதும். உரசினால் பூச்சு கெட்டுவிடும்.

வெறும் அலுமினியத்தில் கீறல் இருந்தால் 400, 600, 1000, 2000 இலக்க வாட்டர் பேப்பர்களால் வரிசையாக, நீர் தொட்டுத் தேயுங்கள். முந்திய தாளின் கோடுகள் மறைந்த பின்பே அடுத்ததை எடுக்க வேண்டும். பிறகு பொலிஷ், கடைசியில் மெழுகு. காத்தான்குடி, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று படுவதால் மெழுகை அடிக்கடி பூசுவது நல்லது.

தேய்க்கும்போது வெடிப்புத் தென்பட்டால் அத்தோடு நிறுத்துங்கள். அந்தச் சில்லை மாற்றுங்கள். இல்லையேல் வாங்குபவரிடம் காட்டிச் சொல்லுங்கள். பொலிஷ் வெடிப்பை மறைக்கும், ஓட்டுபவரின் உயிரைக் காக்காது.