மார்கழி முதல் தைப்பூசம் வரை: இயற்கையோடு இணைந்த புதிய தொடக்கம்

சைவ மக்களின் விரதங்களும் விழாக்களும் காலத்தோடும் இயற்கையோடும் பின்னிப் பிணைந்தவை. பஞ்சாங்கத்தின்படி வருடம் சித்திரையில் பிறக்கின்றது. ஆயினும் வயலை நம்பி வாழும் வன்னி மக்களின் புதுக்கணக்கு தை மாதத்திலேயே தொடங்குகின்றது. புரட்டாதி, ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் தை, மாசியில் அறுவடைக்கு வரும். பட்ட கடனை அடைப்பதும், பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்ப்பதும், கலியாணம் பேசுவதும் அந்த நெல்லை நம்பியே. "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற பழமொழி இங்கு வெறும் வாழ்த்தன்று. வாழ்க்கைக் கணக்கு ஆகும்.

தைக்கு முன்வரும் மார்கழியைச் சிலர் பீடை மாதம் என ஒதுக்குவர். அது பீடுடைய, அதாவது பெருமையுடைய மாதம் என்றே பெரியோர் விளக்குவர். டிசம்பர் 21 அல்லது 22 ஆந் திகதியே பகற்பொழுது மிகக் குறைந்த நாள். வன்னியில் அன்று பகல் ஏறத்தாழ 11 மணி 35 நிமிடமே. அதன்பின் பகல் சிறிது சிறிதாக நீளத் தொடங்கும். தை முதல் நாளை உத்தராயணத்தின் தொடக்கமாகக் கொண்டு சூரியனுக்குப் பொங்கலிடுவது சைவ மரபு. மழையும் பனியும் குளிரும் சேர்ந்த இக்காலத்தில் உடலையும் வீட்டையும் வயலையும் பேணுவதற்கு முன்னோர் வகுத்த எளிய செயல்கள் சில உண்டு. அவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை; ஒழுங்கே வேண்டும்.

1. வைகறையில் எழுதல்

மாணிக்கவாசக சுவாமிகள் அருளிய திருவெம்பாவை 20 பாடல்களைக் கொண்டது. பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பி நீராடச் செல்வதே அதன் பொருள். மழை பொழியுமாறு மேகத்தை வேண்டும் பாடலும் அதில் உண்டு. திருவாதிரைக்கு முந்திய நாட்களில் ஆலயங்களில் விடியற்காலையில் நடைபெறும் திருவெம்பாவைப் பூசை, ஊரையே ஒன்றாக எழுப்பும் ஏற்பாடாகும். தனியே எழுவதற்குச் சோம்பும் பிள்ளை, அயல்வீட்டுப் பிள்ளையும் வருகின்றதென்றால் எழுந்துவிடும்.

வைகறையில் கிணற்றுநீர் வெளிக்காற்றை விட வெதுவெதுப்பாக இருப்பதை முழுகுபவர்கள் அறிவர். முதியோரும் முட்டு வருத்தம் உள்ளோரும் தலையை மூடிக்கொண்டு பனியில் இறங்குதல் நன்று. வைகறையில் எழ வேண்டுமாயின் இரவில் நேரத்தோடு படுக்க வேண்டும். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் நேரத்தோடு நிறுத்துவதே இக்காலத்திற்குரிய முதல் விரதம் எனலாம்.

2. முற்றத்தைப் பேணுதல்

மார்கழியில் முற்றம் கூட்டி, சாணி தெளித்து, சாணத்திற் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல்லோ பூவோ சூட்டி வாசலில் வைப்பர். பிள்ளையார் இருக்கும் இடம் துப்புரவாக இருக்க வேண்டும் என்பதால் வளவு முழுவதும் நாள்தோறும் ஒருவரின் கண்ணிற் படுகின்றது. இன்றைய நிலையில் இதன் பயன் பெரிது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரையே எடுக்கும். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர் ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை தவறாது கவிழ்த்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். கூட்டிய குப்பையில் மக்குவது எருக்குழிக்குப் போக வேண்டும். பிளாஸ்ரிக்கையும் ரயரையும் எரித்தால் நச்சுப்புகை வீட்டுப் பிள்ளைகளின் மூச்சிலேயே சேரும்.

3. வானத்து நீரைச் சேமித்தல்

வன்னியின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களிலேயே பெய்கின்றது. அதனாலன்றோ முன்னோர் ஊர்தோறும் குளம் கட்டினர். வீட்டிலும் அதைச் சிறு அளவிற் செய்யலாம். கூரைநீரைப் பீலி வைத்துத் தொட்டியில் சேர்க்கலாம். முதல் மழையில் கூரை கழுவப்பட விட்டு, அடுத்த மழையிலிருந்து பிடித்து, துணியால் வடித்து, மூடிவைத்து, கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும்.

வவுனியா உட்படச் சில மாவட்டங்களில் காரணம் முழுமையாக அறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோய் விவசாயிகளைப் பாதித்துள்ளது. குடிநீரும் அதனோடு தொடர்புடையதாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நீரிற் கரைந்துள்ள புளோரைட்டும் உப்புக்களும் போகா. ஆகவே சுத்தமாகச் சேமித்த மழைநீர் ஒரு பெருங்கொடை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்டது போன்ற பெருவெள்ளம் வந்தால், வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பின்னரே பாவிக்க வேண்டும்.

4. காலத்திற்கேற்ற உணவு

மார்கழியிலும் தையிலும் பனங்கிழங்கு கிடைக்கும். அவித்து உண்ணலாம், காயவைத்து ஒடியலாக்கினால் கூழுக்கும் புட்டுக்கும் ஆகும். குரக்கன் கூழ், தூதுவளை, வல்லாரை, முசுட்டை, முல்லை இலைகள் சேர்த்த இலைக்கஞ்சி, மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர் ஆகியன குளிருக்கு இதமானவை. இவை கடையில் வாங்கும் பிஸ்கட்டை விட மலிவானவை. பெரும்பாலும் வேலியிலும் வளவிலும் கிடைப்பவை. போரினால் இடம்பெயர்ந்து மீளக் குடியேறியவர்கள் புதிதாக அடைத்த வேலிகளில் முன்பிருந்த கொடிகளும் செடிகளும் குறைந்துவிட்டன. மழை ஈரம் இருக்கும்போதே ஒரு முருங்கைத் தடி, ஒரு தூதுவளைக் கொடி நடுவது சிறந்த புத்தாண்டுச் செயலாகும். ஆனால் இவை உணவு. நோய்க்கு மருந்துக்குப் பதிலானவை அல்ல. சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும்.

5. வயலில் அவதானம்

இயற்கையோடு வாழ்வதென்றால் இயற்கையின் ஆபத்தை அறியாமல் வாழ்வதன்று. சேற்றிலும் வெள்ளத்திலும் கலக்கும் எலியின் சிறுநீரால், காலில் உள்ள சிறு காயத்தினூடாகவும் எலிக்காய்ச்சல் பரவும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோய் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்தைக் கேட்டுப் பெற வேண்டும். காயம் உள்ளோர் அதனை மூடிக்கொள்ள வேண்டும். காய்ச்சலோடு தசைநோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் காணப்பட்டால் கைமருந்தில் நாளைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கஞ்சி உடலைத் தேற்றும். இக்காய்ச்சலுக்கு மருந்தே வேண்டும்.

அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரிப்பது மாட்டின் உணவையும் மண்ணின் உரத்தையும் ஒன்றாக எரிப்பதாகும். பட்டிப்பொங்கலன்று மாட்டுக்கு மாலை போட்டு, மறுவாரம் அதன் வைக்கோலுக்குத் தீ வைப்பது எவ்வகையில் நன்றியாகும்?

6. சிறிதாகத் தொடங்கல்

இயற்கை வழி ஒரே நாளில் வருவதன்று. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. போதிய பசளையும் பயிற்சியும் இன்றி விவசாயிகள் இடர்ப்பட்டனர்; விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டது. அதனால் இயற்கைப் பசளை பயனற்றது என்று ஆகிவிடாது. ஒரு வீட்டுத்தோட்டப் பாத்தி, அதன்பின் ஒரு வயற்துண்டு என அனுபவத்தோடு வளர வேண்டியது அது என்பதே பாடம்.

புதிரும் பொங்கலும்

தைப்பூசத்தன்று புதிர் எடுப்பது ஈழத்துச் சைவ மரபு. முதலில் அரிந்த கதிர் இறைவனுக்கு, அதன்பின்பே வீட்டுக்கு. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகை அம்மனுக்குப் பொங்கும் வன்னி மக்களுக்கு இதன் பொருள் புதிதன்று. விளைந்தது தன் உழைப்பால் மட்டுமன்று. மழையாலும் மாட்டாலும் மண்ணாலும் அயலவராலும் விளைந்தது என்ற ஒப்புதலே புதிர். எனவே இவ்வருடம் வயல் அழிந்தவர் வீட்டிற்கும் ஒரு கொத்துப் புது அரிசி போய்ச் சேர்ந்தால் அப்பொங்கல் நிறைவு பெறும்.

வைகறையில் எழுதல், வாரம் ஒருமுறை வளவு பார்த்தல், மழைநீர் சேர்த்தல், ஊர் உணவு உண்ணல், காய்ச்சலை அலட்சியம் செய்யாதிருத்தல், ஒரு பாத்தியில் இயற்கைப் பசளை இடல் ஆகிய இவ்வாறினையும் பெற்றோர் செய்து காட்டினால் பிள்ளைகள் சொல்லாமலே கற்பர். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் ஊரிற் குளங்கள் நிறைக, களங்கள் பொலிக, எல்லா வீடுகளிலும் நோயற்ற வாழ்வு மலர்க.