பந்தயத் திடலில் ஒரு நாள் கடை: போகுமுன் போட வேண்டிய கணக்கு

சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் மலைநாட்டில் மோட்டார் பந்தயக் காலம் வந்துவிடும். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி, நம் பதுளை மாவட்டத்தில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டி என்று பேச்சு அடிபடும். பந்தய நாளில் அங்கே ஒரு தற்காலிகக் கடை போட்டால் என்ன என்ற எண்ணம் பசறையிலும் பதுளையிலும் உள்ள சிறு வியாபாரிகள் பலருக்கு வருவது இயல்பு. இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். அமெரிக்காவில் 'ஸ்டொக் கார்' பந்தயம் என்று ஒன்று உண்டு. இதிலுள்ள 'ஸ்டொக்', நாம் கடையில் சொல்லும் அதே ஸ்டொக்தான். விற்பனைக்கு வைத்திருக்கும் காரை மாற்றம் எதுவும் செய்யாமல் ஓட்டுவது என்பதே அதன் ஆரம்பப் பொருள். 1948இல் தொடங்கிய நாஸ்கார் அமைப்பு, 1949 ஜூன் 19இல் சார்லட் நகரில் இவ்வகையில் தன் முதல் போட்டியை நடத்தியது. முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. ஆனால் அவரது காரின் பின்பக்க ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. வெற்றி அவரிடமிருந்து எடுக்கப்பட்டு ஜிம் ரோப்பருக்கு வழங்கப்பட்டது. சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறொன்று என்றால் பெற்ற வெற்றியும் நிலைக்காது. வியாபாரத்திலும் இதே கதைதான்.

'காட்சிப் போட்டி' என்பது இன்னொரு வகை. அதில் தொடருக்கான புள்ளிகள் கிடையாது. சனத்தைக் கூட்டுவதே நோக்கம். கூடும் சனம்தான் வியாபாரிக்குச் சந்தை. ஆனால் சனம் கூடுவது வேறு, சரக்கு விற்பது வேறு. பின்வரும் உதாரணக் கணக்கைக் கவனியுங்கள்.

வேன் வாடகை, கூடாரம், அனுமதிக் கட்டணம், இரண்டு உதவியாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து 30,000 ரூபா என்று வைப்போம். ஒன்று 100 ரூபா வீதம் 1,000 உருப்படிகள் கொள்முதல். விற்கும் விலை 150 ரூபா. விற்றது 800, மீதி 200.

சரக்கு ரோல்ஸ், சமூசா போன்ற அன்றே கெட்டுப்போகும் உணவாக இருந்தால்: வரவு 1,20,000. செலவு 1,30,000. நட்டம் 10,000 ரூபா.

அதே சரக்கு தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், தொப்பி, குடை போன்றதாக இருந்தால், மீதி 200 உருப்படிகளும் கடைக்குத் திரும்பி வரும். அவற்றின் கொள்முதல் பெறுமதி 20,000. அப்போது இலாபம் 10,000 ரூபா.

விற்பனை ஒன்றே. சரக்கின் தன்மைதான் வித்தியாசம். போட்டி பாதியில் நின்று 500 மட்டுமே விற்றால் என்ன ஆகும்? கெட்டுப்போகும் சரக்கில் நட்டம் 55,000. திரும்பும் சரக்கில் 5,000 மட்டுமே. புத்தாண்டுக்குக் கடன் கொடுத்துக் கைமுதல் குறைந்திருக்கும் வேளையில், முதல் வகை நட்டத்தை ஒரு சிறு கடை தாங்காது.

போட்டி பாதியில் நிற்பது வெறும் கற்பனையல்ல. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின்னர் 2024 ஏப்ரல் 21, ஞாயிறன்று பொக்ஸ் ஹில் போட்டி நடந்தது. பெருந்திரளான மக்கள் கூடியிருந்தார்கள். தடத்தை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. 8 வயதுச் சிறுமி ஒருவரும் போட்டிப் பணியாளர்களும் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அத்துடன் போட்டி நிறுத்தப்பட்டது.

இங்கே வியாபாரியின் பொறுப்பும் இருக்கிறது. நாம் எங்கே கடை போடுகிறோமோ, அங்கே சனம் நிற்கும். வளைவின் வெளிப்பக்கம் நல்ல காட்சி தெரியும் இடம்தான், விற்பனையும் சூடாக இருக்கும். ஆனால் வேகமாக வரும் கார் பிடி தவறினால் பெரும்பாலும் பாயும் பக்கமும் அதுவே. அங்கே தேநீர்க் கடை போடுபவர், தன்னை அறியாமலே பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஆபத்தான இடத்துக்கு அழைக்கிறார். நாலு காசு குறைந்தாலும் பரவாயில்லை, தடத்திலிருந்து தள்ளி, வாகனத் தரிப்பிடப் பக்கமாக இடம் கேளுங்கள்.

ஆகவே, போவதற்கு முன் இவற்றைத் தீர்மானித்துக் கொள்ளுங்கள்:

1. அனுமதியும் கடை போடும் இடமும் எழுத்தில் உண்டா? போட்டி ரத்தானால் கட்டணம் திரும்புமா?

2. கெட்டுப்போகும் சரக்கு மொத்தக் கொள்முதலில் கால் பங்குக்கு மேற்படாமல் இருக்கிறதா?

3. கடைக்கு எடுத்த காப்புறுதி, வெளியே கொண்டு போகும் சரக்குக்கும் பொருந்துமா? முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

4. இருவர் கூட்டாகச் செய்தால், இலாபத்தை மட்டுமல்ல, நட்டத்தை எப்படிப் பங்கிடுவது என்றும் முன்கூட்டியே எழுதிக்கொண்டீர்களா?

5. அம்புலன்ஸ் போகும் வழியை உங்கள் கூடாரமோ வேனோ மறிக்கிறதா?

6. உதவிக்கு வரும் பையன்கள் தடத்தருகே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறீர்களா?

இந்த ஆறில் ஒன்றுக்கேனும் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், அன்றைக்குப் பசறையில் உங்கள் கடையையே திறந்து வையுங்கள். ஒரு நாள் வியாபாரம் தவறினால் அடுத்த நாள் பிடிக்கலாம். முதலும் உயிரும் அப்படியல்ல.